செல்லாத வேண்டுதல்

வெள்ளம் வடிந்த பன்னிரண்டாம் நாள் பள்ளிவாசல் அலுவலகத்திலிருந்து குட்டிக்கு ஒரு போன் வந்தது. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மனசு விட்டுப் பேச ஆள் ஏற்பாடு செய்திருப்பதாகவும், புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களை முதலில் பார்ப்பதாகவும், ஆலோசகர் வீட்டுக்கே வருவார் என்றும் சொன்னார்கள்.

"நான் வந்து ஏழு வருஷம் ஆச்சுங்க. புதுசு இல்ல" என்றாள் குட்டி.

"உங்க வீட்டாளுங்க யாரும் நம்ம மார்க்கத்துல இல்லைல்ல? அப்போ புதுசுதான். செவ்வாய்க்கிழமை நாலு மணி."

குட்டி என்றால் சின்னப் பெண் இல்லை. நாற்பத்து நான்கு வயது, ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு, பதினேழு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கைக்குழந்தையாக இருந்தபோது அக்கா கூப்பிட்ட செல்லப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மதம் மாறிப் புதுப் பெயர் வைத்துக்கொண்டபோது வீட்டில் எதெதற்கோ சண்டை வந்தது, பெயருக்கு மட்டும் வரவில்லை. பழைய பெயரையே யாரும் கூப்பிட்டதில்லை.

வெள்ளத்தில் அவள் வீட்டுக்குள் அலமாரியின் மேல்தட்டு வரை தண்ணீர் ஏறியது. டிரைவிங் ஸ்கூலின் ஒரே கார் அவள் கண்ணெதிரே தெருவில் மிதந்து போனது. ஒன்றரை நாள் டிரைவிங் ஸ்கூல் மொட்டைமாடியில் கிடந்து, படகில் வந்தவர்கள் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு நடந்தாள். போக வேறு இடம் இல்லை.

அக்கா வீடு மூன்றாவது மாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் திரும்ப முடியாத சமையலறை. அத்தானுக்குக் கப்பலில் வேலை. எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், அக்கா பேசுவதைக் கேட்பார், மறுபடியும் கடலுக்குப் போய்விடுவார். அக்கா மின்சார அலுவலகத்தில் புகார் எண்ணில் போன் எடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் எந்தத் தெருவில் விளக்கு போனாலும் முதலில் திட்டு வாங்குவது அக்காவின் காதுதான். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு "உங்க புகார் பதிவாயிடுச்சு சார்" என்று சொல்லிச் சொல்லி அடக்கியதை எல்லாம் வீட்டுக்கு வந்து பேசித் தீர்ப்பாள்.

அக்கா கெட்டவள் இல்லை. தன் கட்டிலைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தாள். தொழுகைக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டு அந்தப் பக்கம் இருந்த மடக்கு நாற்காலிகளை எடுத்து ஓரமாகப் போட்டாள். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் மதத்துக்கு வந்துவிடுவாள்.

"ஊர்ல எல்லார் வீட்லயும்தான் தண்ணி வந்துச்சு. உன் வீட்ல மட்டும் ஏண்டி அலமாரி வரைக்கும் ஏறுச்சு?"

"அது பள்ளமான தெருக்கா."

"பள்ளத்துல ஏன் வீடு எடுத்தே? பள்ளிவாசல் பக்கத்துல வேணும்னுதானே எடுத்தே? நம்ம சாமியை விட்டுட்டுப் போனா இப்படித்தான்."

பள்ளிவாசல் பக்கம் போனால் அங்கே வேறு மாதிரி. "இது சோதனைம்மா. இறைவன் பிரியப்பட்டவங்களைத்தான் சோதிப்பான்" என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். வீட்டில் தண்டனை, வெளியில் சோதனை. சோதனை என்றால் குட்டிக்கு வருஷத்துக்கு அறுபது பேரை டெஸ்டுக்கு அனுப்பிப் பழக்கம். தேறினவன் யார், தேறாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இந்தச் சோதனையில் தான் தேறவில்லை என்றுதான் அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. மொட்டைமாடியில் ஒன்று நடந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வந்த ஆலோசகரைப் பார்த்ததும் குட்டிக்குப் பாதி பயம் போய்விட்டது. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண். இருபத்தொன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் குட்டியிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

"டீச்சர், நீங்களா?" என்று வாசலிலேயே அவள் முகம் வெளிறியது. "லிஸ்ட்ல உங்க புதுப் பேரு போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியல. இது எனக்கு முதல் கேஸ் டீச்சர். ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க, அதுல ஒரு நாள் கரண்ட் இல்ல."

கரண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரிவர்ஸ் எடுக்கும்போது தபால் ஆபீஸ் முன்னாடி லைட் கம்பத்தைச் சாய்ச்ச பொண்ணுதானே நீ?"

"அது... ஆமாங்க."

"அந்தப் புகாரை எடுத்ததே நான்தான். உட்காரு."

அக்காவும் உட்கார்ந்தாள். ஆலோசனை தனிமையில் நடக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்ல அந்தப் பெண் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். அக்கா அசையவில்லை. எங்கேதான் போவாள், இருப்பதே ஒரு ஹால். கடைசியில் அந்தப் பெண் பச்சை ஃபைலைத் திறந்து பதினாலு கேள்விகள் உள்ள ஒரு தாளை எடுத்தாள்.

"தூக்கம் எப்படி இருக்கு டீச்சர்?"

"குறட்டை" என்றாள் அக்கா.

"பசி?"

"அதுக்கொண்ணும் குறைச்சல் இல்ல."

"திடீர்னு பயம், படபடப்பு?"

"அவளுக்கா? லாரிக்காரனையே இறங்கி நின்னு திட்டுவா."

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. குட்டி நடுவில் பேச வாயெடுத்தபோதெல்லாம் அக்காவின் பதில் முந்திக்கொண்டது. போன் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துப் பழகியவள், கேள்வி முடியும்வரை எப்படிக் காத்திருப்பாள்? பதினொன்றாவது கேள்வியில் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். தாளைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.

"குடும்பத்துல உங்க நம்பிக்கையைக் குறை சொல்லி, மன உளைச்சல் தர்றவங்க யாராவது இருக்காங்களா?"

குட்டி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள் அக்கா. "எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் கைப்பையிலிருந்து மருந்து போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஒரு சீட்டில் மனக்கவலைக்கு ஓதும் ஒரு துஆவை, பிரார்த்தனையை, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். உறையின் மேல் பழக்கதோஷத்தில் காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று டிக் போட்டிருந்தாள். 'சாப்பாட்டுக்குப் பின்' என்பதையும் வட்டமிட்டிருந்தாள்.

"டீச்சர்" என்று படிக்கட்டில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த தடவை நம்ம கடைக்கு வந்துடுங்களேன். பின்னாடி ஸ்டாக் ரூம் இருக்கு. யாரும் வர மாட்டாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை குட்டி செருப்பை மாட்டும்போது அக்காவும் மாட்டினாள்.

"நீ எங்கக்கா?"

"பிரஷர் மாத்திரை தீர்ந்துடுச்சு."

"நான் வாங்கிட்டு வரேன்."

"உனக்கு எந்தக் கம்பெனின்னு தெரியாது."

மருந்துக்கடையின் ஸ்டாக் ரூமில் அட்டைப் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. நடுவில் இரண்டு ஸ்டூல் போட்டு, கடைக்கும் அறைக்கும் இடையே ஒரு திரை கட்டியிருந்தார்கள். அக்காவைக் கடையின் முன்பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து, மாத்திரையையும் ஒரு டீயையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

"சொல்லுங்க டீச்சர். இப்போ நாம ரெண்டு பேர்தான்."

குட்டி தன் கால்களைப் பார்த்தாள்.

"எங்க கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறப்பேன்? அது இல்லைன்னா நான் இன்னும் நாலு கம்பம் சாய்ச்சிருப்பேன்."

"பதினேழு வருஷமா என் வலது கால் சும்மா இருந்ததே இல்ல. பஸ்ல போனாலும் அமுக்கும். டிவில கார் வந்தாலும் அமுக்கும். தொழ ஆரம்பிச்ச அப்புறம்தான், நெத்தியைத் தரையில வைக்கும்போது அந்தக் கால் சும்மா கிடந்துச்சு. அதுதான் எனக்கு ஓய்வு. இப்போ அங்கயும் அமுக்குது. தண்ணி வருதுன்னு அமுக்குது."

அந்தப் பெண் ஃபைலைத் திறக்கவில்லை. அது நல்ல அறிகுறியாகக் குட்டிக்குப் பட்டது. மொட்டைமாடி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தாள்.

"ஒரு சந்தேகம்" என்றது திரை.

இருவரும் திரும்பினார்கள். திரைக்குக் கீழே அக்காவின் செருப்பு தெரிந்தது.

"எனக்கில்ல. ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்திக்கு. அவ உங்க மதம் இல்ல. ஆனா இந்த வெள்ளத்தப்போ, பயத்துல, உங்க அல்லாகிட்ட ஒண்ணு வேண்டிக்கிட்டா. அது நடந்துடுச்சு. பதிலுக்கு ஒண்ணு செய்யறேன்னு சொல்லியிருந்தா, அதைச் செய்ய முடியல. இப்போ அவளுக்கு என்ன ஆகும்?"

"என்ன செய்யறேன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள் மருந்துக்கடைப் பெண்.

"ஒரு விஷயத்தைப் பத்திப் பேசறதில்லைன்னு."

"என்ன விஷயம்?"

"அவ தங்கச்சியோட விஷயம். அந்தக் கழுதை கார் கத்துக்குடுக்கறேன்னு போயி மொட்டைமாடியில மாட்டிக்கிச்சு. ஒன்றரை நாள் போன் எடுக்கல."

தான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, இருமல் மருந்து என்று எழுதியிருந்த ஒரு பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஆபீஸ்ல நானும் இன்னொருத்தியும்தான். மத்தவங்க வர முடியல. போன் விடாம அடிக்குது. ஒருத்தன் கம்பி அறுந்து தண்ணில கிடக்குங்கறான், ஒருத்தி மாமியாருக்கு ஆக்சிஜன் மிஷின் நின்னுடுச்சுங்கறா. எல்லாத்தையும் எழுதறேன். நடுவுல நடுவுல உனக்கு அடிக்கறேன். அறுபத்து மூணு தடவை. நம்ம சாமி எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தரும் எடுக்கல. அப்புறம் தோணுச்சு, இவ இப்போ அந்த ஆபீஸ் எல்லையில இல்லையே, நான் தப்பான இடத்துல புகார் குடுத்துட்டிருக்கேனேன்னு. அதான் உங்க ஆளையே கேட்டேன். அவளைக் குடுத்துடு, இனிமே அவ மதத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைன்னு."

குட்டிக்குச் சிரிப்பு வந்தது. "நான் வந்த அன்னிக்குக் காலையிலயே ஆறு தடவை பேசினியேக்கா."

"தெரியும்டி! வாய் நிக்க மாட்டேங்குது. ஒவ்வொரு தடவை பேசிட்டும், போச்சு, இவளைத் திரும்ப எடுத்துக்கப் போறான்னு பயம். நீ குளிக்கப் போனாக்கூட வெளிய நிக்கறேன். அதுக்குத்தான் இந்தப் பொண்ணு பின்னாடியே சுத்தறேன். வேற யார்கிட்ட கேக்க?"

மருந்துக்கடைப் பெண்ணுக்குப் பயிற்சியில் இதற்குக் கேள்வித்தாள் எதுவும் கொடுக்கவில்லை. "மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாதுங்க. நான் மாத்திரைக்குத்தான் படிச்சேன்" என்று ஒப்புக்கொண்டு, இமாமுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். இமாம் பள்ளிவாசலில் ஈரக் கம்பளங்களை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தம்மா முஸ்லிம் இல்லைல்ல? அப்போ இந்த நேர்ச்சை விதி எதுவும் அவங்க மேல கடமை இல்ல. பரிகாரமும் இல்ல. நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

அக்கா நிம்மதியாக இருப்பாள் என்று இருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவின் முகம் சிவந்திருந்தது.

"அப்போ என் வேண்டுதல் செல்லாதா?"

"அப்படி இல்லம்மா..."

"ஆளு வந்து சேர்ந்துட்டாள்ல? என் புகாரை எடுத்து வேலையை முடிச்சுக் குடுத்துட்டு, இப்போ நீங்க எங்க எல்லைக்குள்ள இல்லைன்னா என்ன நியாயம்? நான் பேச்சு மாறினவ. அதுக்கு ஒண்ணும் இல்லைன்னு விட்டுடுவீங்களா? எனக்கு இலவசம் எல்லாம் வேணாம். உங்க ஆளுங்க பேச்சு மாறினா என்ன செய்வாங்க, அதைச் சொல்லுங்க."

இமாம் இரண்டு தடவை இருமினார். சிரிப்பை மறைக்கிறார் என்று குட்டிக்குத் தெரிந்தது. "சத்தியத்தை மீறினா பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு குடுப்போம்மா."

"அது சரி. அது ஒரு பேச்சு. எங்க குடுக்கணும்?"

"ஸ்கூல்ல முகாம் இருக்கு. எல்லா மதத்து ஆளுங்களும் இருக்காங்க. எப்போ வேணும்னாலும் வாங்க."

போனை வைத்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏதோ பெரிய வேலையை முடித்தவள் மாதிரி தங்கையைப் பார்த்தாள். "நீ என்னவோ சொல்ல வந்தியே. சொல்லு."

இனி எதை மறைப்பது என்று குட்டிக்குத் தோன்றியது.

"மாடியில நானும் பல் டாக்டரும்தான். மூணு தடவை டெஸ்ட்ல ஃபெயிலானவர், நாலாவது தடவைக்குப் பழக வந்தார். மதியம் ரெண்டு மணி இருக்கும். கார் போறதைப் பார்த்தோம். அடுத்தது நாமதான்னு நினைச்சேன். கடைசி வார்த்தையா, அல்லாவைத் தவிர வேற இறைவன் இல்லைங்கற கலிமாவைச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். வரல. ஏழு வருஷம், ஒரு நாளைக்கு அஞ்சு வேளை சொன்னது. ஒரு எழுத்து வரல. என் வாயில வந்தது..." அவள் வலது கால் தரையை அமுக்கியது. "கண்ணாடி பாரு, சிக்னல் போடு, கிளட்ச் அமுக்கு, கியர் மாத்து. அதையேதான் ரெண்டு மணி நேரம் சொல்லிட்டிருந்தேன். சத்தமா. டாக்டரும் கூடவே சொன்னார்."

மருந்துக்கடைப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரயோஜனம் இல்லை. சிரிப்பு விரல் இடுக்கு வழியாக வெடித்து, கண்ணில் தண்ணீராக வந்தது. "மன்னிச்சுடுங்க டீச்சர். மன்னிச்சுடுங்க. ஆலோசகர் சிரிக்கவே கூடாது, அதுதான் முதல் விதி."

அக்கா சிரிக்கவில்லை.

"இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டிருந்தே?"

"அவன் பேரைக் கூடச் சொல்லலைக்கா."

"இங்க பாரு. புயல் அடிக்கும்போது எனக்குப் போன் பண்றவன் இணைப்பு எண் சொல்வானா? ஒருத்தன் வெறுமனே 'நாய், நாய்'ங்கறான். ஒரு பொம்பளை நாலு நிமிஷம் அழுதா, பேரும் சொல்லல, தெருவும் சொல்லல. அதுக்காக நான் போனை வெச்சுட்டேனா? எந்த லைன்லேருந்து வருதுன்னு எனக்கு முன்னாடி இருக்கற கம்ப்யூட்டர்ல தெரியும்டி. சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கற எனக்கே தெரியும்போது உங்க ஆண்டவனுக்குத் தெரியாதா? கிளட்சுன்னு கத்தினாலும் கத்தினது நீதானே?"

மருந்துக்கடைப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு ஃபைலைத் திறந்து வேகமாக எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதறே?" என்றாள் அக்கா.

"இதை எங்க பயிற்சியில சொல்லிக் குடுக்கல. அடுத்த கேஸுக்கு வேணும்."

குட்டி அட்டைப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் அழுவது அதுதான் முதல் தடவை. அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, மாத்திரையில் காலாவதி தேதி சரியாகத் தெரியவில்லை என்று கடைக்காரப் பெண்ணிடம் சண்டை பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டுவிட்டுப் பத்துப் பேருக்குச் சமைத்துக்கொண்டு முகாமுக்குப் போனாள். பதினாறு பேர் சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவின கையோடு, முகாமில் தண்ணீர்க் குழாய் ஏன் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொறுப்பாளரை நிற்க வைத்துக் கேட்டு, மறுநாளே மாற்ற வைத்தாள். வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரம் முழுக்க மதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த அமைதி குட்டிக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவள் கால் தொழுகையில் இரண்டு வேளை சும்மா கிடந்தது, மூன்று வேளை அமுக்கியது. முன்னைக்கு இது பரவாயில்லை.

அடுத்த வெள்ளியும் அக்கா சமைத்தாள். முந்தின வாரம் எதுவும் மீறவில்லையே, பிறகு எதற்குச் சமைக்கிறாள் என்று குட்டிக்குப் புரியவில்லை. வெறும் பாத்திரங்களுடன் திரும்பி வந்த அக்கா, காலைக் கழுவிக்கொண்டு, விசிறிக்குக் கீழே வசதியாக உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

"பத்துப் பேருக்கு முன்கூட்டியே போட்டாச்சு. அதனால இன்னிக்கு ஒண்ணு கேப்பேன்."

"என்னக்கா?"

"தலையில கட்டற துணி எப்போ பார்த்தாலும் சாம்பல் கலர்தானா? உங்க மதத்துல வேற கலரே கிடையாதா? முகத்துக்கு எடுப்பாவே இல்ல."

இப்படி முன்பணமாகச் சமைத்துவிட்டுக் குறை சொல்ல மார்க்கத்தில் இடம் உண்டா என்று குட்டி இமாமிடம் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். முகாமில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவசரப்பட்டு அந்தம்மாவிடம் எதையும் சொல்லிவிட வேண்டாம் என்றார்.